சுவருக்கு அப்பால் ஓடிய தேர்

அத்தியாயம் 17

"இந்தச் சுவத்துல ஆணி அடிச்சா யாருக்கும்மா வலிக்கும்? நமக்கா, பாலாமணி பெரியம்மாவுக்கா?"

மகள் துஷாரா நாலு வயதில் கேட்ட கேள்வி அது. கலண்டர் மாட்டுவதற்காகச் சுத்தியலும் கையுமாக நின்ற பிரதீபா சிரித்துவிட்டாள். "சுவருக்கு எங்கடி வலிக்கும்?" என்றாள். பிள்ளை விடவில்லை. "பாதி நம்மளுது, பாதி அவங்களுதுன்னு நீதானே சொன்னே?"

அந்தத் துஷாராவுக்கு இப்போது பதினாலு வயது. இரத்தோட்டையில் டியூசனுக்குப் போயிருந்தாள். ரிவர்ஸ்டன் மலை ஏறும் பாதையோரத்தில், ஒரே கூரையின் கீழ் இரண்டிரண்டாகக் கட்டிய தேயிலைத் தோட்டத்து வீடுகளில் ஒன்றில், அதே சுவருக்கு முன்னால் பிரதீபா இன்று நின்றாள். கலண்டர் இருந்த இடத்தில் இப்போது டிவி தொங்கியது. கையில் சுத்தியலுக்குப் பதில் ஒரு கறுப்பு வயர்.

டிவியின் நடுவே ஒரு சின்னப் பெட்டி இங்கிலீஷில் மிதந்துகொண்டிருந்தது. சிக்னல் இல்லையாம்.

"என்னா புள்ள, அம்மா கிளம்பிருச்சா?" என்று பின்னாலிருந்து கேட்டார் மாமனார் காளிமுத்து.

"இன்னும் இல்ல மாமா. சாமி கிளம்புறதுக்குள்ள போட்டுருவேன்."

மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மாசிமகத் தேர். காளிமுத்து நாற்பது வருஷமாக வடம் பிடித்த கை. ஐப்பசியில் வந்த நெஞ்சுவலி அந்தக் கையைக் கட்டிப் போட்டுவிட்டது. கூட்டம் கூடாது, வெயில் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக அதிர்ச்சி கூடாது என்று டொக்டர் பிரதீபாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "இன்னொரு தடவை வந்தா இவரு தாங்க மாட்டாரும்மா."

அந்தச் சொல்தான் பிரதீபாவின் வாயைக் கட்டியிருந்தது. மார்கழியில் கட்டாரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த கொழுந்தன் துஷ்யந்தனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். மற்றவர் கொழும்பில் ஹார்ட்வெயர் கடையில் வேலை செய்யும் அவள் கணவன் உதயராஜ். துஷ்யந்தன் வாரம் ஒரு தடவை போனில் வருவான். கழுத்துக்கு மேலே மட்டும் காட்டுவான். சிரிப்பான். அப்பாவை மாத்திரை போடச் சொல்வான். அவன் ஊருக்கு வந்து நிற்கும் நாள்வரை இந்தப் பாரம் அவள் தலையில்தான்.

தேரையாவது வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டிவிடலாம் என்று நினைத்தாள். இன்டர்நெட்டில் நேரடியாகப் போகிறதாம். போனில் பார்த்தால் மாமாவுக்குக் கண் தெரியாது. மடிக்கணினியை டிவியோடு சேர்த்துவிட்டால் போதும் என்று உதயராஜ் வயரும் வாங்கி அனுப்பியிருந்தான்.

"சரி, நீ மெதுவாப் பாரு. நான் கோயிலடி வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாறேன்" என்றார் காளிமுத்து.

"தினமும் மூணு மணிக்கு அந்தப் பிள்ளையாரோட என்னதான் பேசுவீங்களோ."

"அவரு பேசுறதில்ல. அதனாலதான் போறேன்."

செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது. பிரதீபா உதயராஜுக்குக் கோல் எடுத்தாள்.

"வயரக் கலட்டிட்டு ரெண்டையும் ஓஃப் பண்ணு. பெறகு போடு" என்றான் அவன். பின்னணியில் யாரோ சிங்களத்தில் ஆணி விலை கேட்டார்கள்.

"மூணு தடவ பண்ணியாச்சுங்க."

"வயர நல்லாக் குத்துனியா?"

"இதுக்கு மேல குத்துனா சுவரு அந்தப் பக்கம் போயிரும்."

"அப்ப வயர் இல்லாமலே அனுப்பிரு. விண்டோஸ் பட்டனையும் கே-யையும் ஒண்ணா அமுக்கு. டிவியோட பேரு வரும், அத அமுக்கு. நான் வைக்கிறேன், ஆளு நிக்குது."

அமுக்கினாள். ஒரே ஒரு பெயர் வந்தது. கம்பெனிப் பெயரும் நாற்பத்து மூன்று என்ற எண்ணும். தன் டிவியின் கீழ் விளிம்பில் பார்த்தாள். அதே பெயர், அதே எண். நிம்மதியாக அதை அமுக்கினாள். மடிக்கணினித் திரை ஒருமுறை கண் சிமிட்டியது. இணைந்துவிட்டது என்று எழுத்து வந்தது.

டிவியில் மட்டும் அதே பெட்டி மிதந்தது.

மடிக்கணினியில் தேர் அசைவது தெரிந்தது. ஆனால் சத்தம் இல்லை. அதுவரை நன்றாகக் கேட்ட மேளம் எங்கோ போய்விட்டது. அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நாதஸ்வரம் கேட்டது.

"அங்கேயும் தேர்தானா" என்று முணுமுணுத்தாள். "போட்டிக்குப் போடுறது."

பாலாமணியோடு அவள் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் ஒரு கறுப்புக் குழாயில் முதலில் பிரதீபாவின் பின்கட்டுக்கு வரும். அங்கிருந்து ஒரு கிளை பாலாமணி வீட்டுக்குப் போகும். வறட்சி வந்த அந்த வருஷம், ஒரு காலையில் பிரதீபாவின் தண்ணீர்த் தாங்கி காலியாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பீப்பா நிறைந்திருந்தது. அன்று வரிசை வீடெல்லாம் கேட்க அவள் சொன்ன சொல் 'தண்ணித் திருடி'. அன்றே கிளைக் குழாயின் வால்வை இறுக்கி மூடினாள். பாலாமணி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு, பாதையோரத்தில் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கு நடந்தாள். இன்றும் நடக்கிறாள்.

மடிக்கணினி டிங் என்றது. இல்லை, அந்த டிங்கும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கேட்டது போலிருந்தது. திரையின் மூலையில் துஷ்யந்தனின் பெயர். ஒரு வீடியோ அனுப்பியிருந்தான்.

பிரதீபா வாசலை எட்டிப் பார்த்தாள். மாமா இல்லை. கதவைச் சாத்தினாள். வீடியோவைத் திறந்தாள்.

நீண்ட ஆஸ்பத்திரி அறை. இரண்டு கம்பிகள். அவற்றுக்கு நடுவே அரைக் காற்சட்டையோடு துஷ்யந்தன். இடது முழங்காலுக்குக் கீழே பளபளவென்று ஒரு கம்பிக் கால், நுனியில் சப்பாத்து. அவன் எதையோ சொல்லிச் சிரித்தான். சத்தம் இல்லை.

சத்தத்தைக் கூட்டினாள். கேட்கவில்லை. இன்னும் கூட்டினாள். முழுதாகக் கூட்டினாள்.

சுவர் பேசியது.

"அண்ணி, இந்தா பாருங்க. புதுக்கால் போட்டாச்சு. இன்னைக்கு மூணாவது நாள்..."

பிரதீபாவின் கை அப்படியே நின்றுவிட்டது. துஷ்யந்தனின் வாய் அவள் மடியில் அசைந்தது. அவன் குரல் பாலாமணி வீட்டிலிருந்து வந்தது.

"...விழாம இந்த முனைக்கு வந்துட்டேன். அப்பாவுக்கு மட்டும் இப்பச் சொல்லிறாதீங்க..."

வயரைப் பிடுங்கினாள். குரல் நிற்கவில்லை. வயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று புரிய ஒரு விநாடி எடுத்தது. அந்த விநாடியில் மறுபக்கம் "நான் வந்து நின்னு காட்டுறேன்" என்றான் துஷ்யந்தன். மடிக்கணினியை அறைந்து மூடினாள்.

அமைதி. நாதஸ்வரமும் இல்லை, குரலும் இல்லை.

அந்தப் பக்கத்தில் இருப்பதும் அதே டிவி. போன தீபாவளிக்கு இரத்தோட்டைக் கடையில் ஒரே வாரத்தில் இரண்டு வீட்டாரும் வாங்கியது. அதே கம்பெனி, அதே நாற்பத்து மூன்று. யார் டிவிக்கும் யாரும் தனிப்பெயர் வைக்கவில்லை. அவள் டிவியில் வயரில்லா இணைப்பு திறந்தே இருக்கவில்லை; வந்த ஒரே பெயர் அந்த வீட்டுடையது. இரண்டு மாதமாகக் கணவனைத் தவிர யாரிடமும் சொல்லாததை, முழுச் சத்தத்தோடு, பேசாத பக்கத்து வீட்டுக்கு அவளே அனுப்பி வைத்துவிட்டாள்.

பாலாமணி அதை யாரிடமாவது சொன்னால்? கோயிலடியில் நிற்கிற மாமா காதுக்குப் போனால்?

செருப்பில்லாமல் ஓடினாள். இரண்டு வருஷமாக மிதிக்காத அந்த வாசற்படியில் கால் வைத்தவள் அங்கேயே நின்றாள்.

படியில் ஒரு சோடிச் செருப்பு. வலது வாரைச் செப்புக் கம்பியால் கட்டிய பழுப்புச் செருப்பு. அந்தக் கம்பியைக் கட்டிக் கொடுத்தவளே அவள்தான்.

கடவுளே, மாமா உள்ளே இருக்கிறார்.

கதவு திறந்தே இருந்தது. காளிமுத்து கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் பாதி குடித்த பிளேன்டி, பாலில்லாத தேத்தண்ணி. எதிரே டிவி கறுப்பாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் பாலாமணி நின்றாள். அவள் ஒரு கை சேலை முந்தானைக்குள் இருந்தது. முந்தானையின் ஓரத்தில் பிடுங்கிய பிளக்கின் வால் தொங்கியது.

"வா, பிரதீபா" என்றாள் பாலாமணி, நேற்றுப் பேசி இன்று பேசுகிறவள் போல. "நல்ல நேரம் பார்த்துக் கரண்ட் போயிருச்சு. தேரு முக்குத் திரும்புற நேரம்."

சுவரில் அம்மன் படம். அதற்கு முன்னால் சின்னச் சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

காளிமுத்து அந்தப் பல்பைப் பார்த்தார். பிறகு பிரதீபாவைப் பார்த்தார்.

"ஆமா, புள்ள" என்றார். "கரண்ட் போயிருச்சு."

பிரதீபா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கோயிலடிக்கு..."

"போறேன்னுதான் வந்தேன்."

"தினமும் இப்படித்தான்" என்று பாலாமணி இடையில் புகுந்தாள். "சீனி இல்லாம ஒரு பிளேன்டி, நாலு பழைய கதை. மருமக திட்டும்னு கோயிலடிக்குன்னு பொய் சொல்லிட்டு வாறாரு, ஸ்கூல் கட் அடிக்கிற பொடியன் மாதிரி. ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து."

"நாலு மாசமாவா?"

"உங்க சண்டை உங்களோட" என்றார் காளிமுத்து. "பிளேன்டிக்கு என்னா சண்டை?"

"அண்ணே, நீங்க குடிங்க. இவளுக்கும் ஒண்ணு ஊத்திக் குடுக்கிறேன்." பாலாமணி பிளக்கை மெல்லக் கீழே விட்டுவிட்டு, பிரதீபாவின் முழங்கையைப் பிடித்துக் குசினிக்கு இழுத்துப் போனாள்.

குசினியில் குரலைத் தணித்தாள். "எத்தன மாசமா இதத் தனியாத் தூக்கிட்டுத் திரியுற?"

பிரதீபாவின் கண் தானாக நிறைந்தது.

"மாமா பார்த்துட்டாரா அக்கா?"

"காலு வந்த நேரம் நான் முன்னால போயி மறிச்சு நின்னுட்டேன். பிளக் கையில சிக்க மாட்டேங்குது. அவரு அப்ப கண்ணாடியக் கலட்டித் தொடச்சுக்கிட்டு இருந்தாரு. பார்த்திருக்க மாட்டாருனுதான் நினைக்கிறேன்."

"குரல்?"

"'தம்பி கொரலு மாதிரி இருக்கே'ன்னு கேட்டாரு. விளம்பரம்னேன். பெறகு ஒண்ணும் கேக்கல." பாலாமணி கேத்தலை அடுப்பில் வைத்தாள். "டிவியில என்னமோ இங்கிலீஷ்ல வந்து நின்னுச்சு. எது வந்தாலும் ஓகே அமுக்குங்கன்னு கடைக்காரன் சொல்லியிருந்தான். அமுக்குனேன். தேரு வந்துச்சு. அம்மனே வந்துட்டான்னு நானும் அண்ணனும் கும்பிட்டோம்."

பிரதீபாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றாள் பாலாமணி. "பெத்த புள்ளைக்கு வந்ததை வரிசை வீட்டுல வச்சுப் பேசுறதா? அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

வரிசை வீடெல்லாம் கேட்கச் சொன்ன ஒரு சொல் பிரதீபாவின் காதில் திரும்ப விழுந்தது. அவள் தலை குனிந்தது. குனிந்த கண்ணில் பட்டவை நாலு வெள்ளைக் கேன்கள். வரிசையாக, மூடி போட்டு, சுவரோரம். மேலே ஒரு பழைய துணிச் சும்மாடு. கேத்தலில் கொதிப்பது அந்தக் கேனில் வந்த தண்ணீர். நாலு மாதமாக மாமா குடித்த பிளேன்டியும் அந்தத் தண்ணீர்தான்.

யாருக்கும் தெரியாத இன்னொன்று அவளுக்குத் தெரியும். வால்வை மூடி ஒன்பதாம் நாள், தாங்கி மறுபடியும் காலியானபோது, அவள் மலையில் ஏறிப் பார்த்தாள். முள்ளம்பன்றி கடித்துக் குழாய் பிளந்திருந்தது. தண்ணீரை யாரும் திருடவில்லை. பாலாமணியின் பீப்பா, அவள் முன்கூட்டியே சிறுகச் சிறுகச் சேர்த்துப் பிடித்ததால் நிறைந்திருந்தது. பிரதீபா குழாயை ஒட்டுப் போட்டுவிட்டு இறங்கி வந்தாள். வால்வைத் திறக்கவில்லை. திறந்தால் தான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். இன்றைக்குத் திறக்கலாம், நாளைக்குத் திறக்கலாம் என்று தள்ளிப் போட்டதில் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. நாம் செய்கிற தவறுகள் பெரும்பாலும் இப்படித்தான். செய்த அன்று சின்னதாக இருக்கும். தள்ளிப் போடப் போடத்தான் மலையாகும்.

"அக்கா, அந்தத் தண்ணி..." என்று தொடங்கினாள்.

"சூடா இருக்கு, பார்த்துக் குடி" என்றாள் பாலாமணி, கோப்பையை நீட்டி. கேட்டும் கேட்காத முகம்.

குடித்து முடித்ததும் பாலாமணியே சொன்னாள். "உங்க வீட்டு டிவியில வயர எந்த ஓட்டையில குத்துன?"

"கீழ் ஓட்டையில."

"கீழ இருக்கிறது ரெண்டாம் நம்பரு. டிவி ஒண்ணாம் நம்பரப் பார்த்துக்கிட்டு இருக்கும். எனக்கும் டிஷ் தட்டுப் பெட்டி குத்துனப்ப இதே கூத்துதான். ரிமோட்டுல 'சோர்ஸ்'னு இருக்கும், அமுக்கி ரெண்டுக்கு மாத்து. நம்ம ரெண்டு வீட்டுக்கும் ஒரே டிவிதானே."

மாமாவை மெல்ல நடத்திக் கூட்டி வந்தாள். முதலில் வயரில்லா இணைப்பைத் துண்டித்தாள். ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தாள். துஷ்யந்தனின் பக்கத்தை மூடினாள். வயரைக் குத்தினாள். ரிமோட்டில் இரண்டுக்கு மாற்றினாள்.

டிவி முழுக்க அம்மன்.

அம்மன் இரண்டாம் வாசலில் வந்து நிற்க, டிவி இவ்வளவு நேரம் முதல் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. காளிமுத்து எழுந்து கைகூப்பினார். பிறகு உட்கார்ந்தார். தேர் மெல்ல மெல்ல நகர்ந்தது. பிரதீபா அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு ஒரே சீராக ஏறி இறங்கியது. ஒன்றும் தெரியாது, ஒன்றும் பார்க்கவில்லை, தாயே உனக்குக் கோடி நன்றி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"பாரு, சக்கரத்துக்குக் கட்டை போடுறான்" என்றார் காளிமுத்து. "அந்தக் கட்டை போடுறவன்தான் ஆளு. வடம் யாரும் இழுக்கலாம்."

"ஆமா மாமா."

"புள்ள."

"என்னா மாமா?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்குத் தம்பிக்கு ஒரு கோல் எடு. போன்ல வேணாம். இதுல, இந்தப் பெரிய டிவியில வர்ற மாதிரி."

"எதுக்கு மாமா திடீர்னு?"

"திடீர்னு இல்ல. ரெண்டு மாசமா அவன் கழுத்துக்கு மேலதான் காட்டுறான். நானும் கேக்கல, அவனும் சொல்லல." கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்த கை நடுங்கவில்லை. "அவன நின்னுக்கிட்டுப் பேசச் சொல்லு."

பிரதீபாவுக்குக் காதுக்குள் மேளம் நின்றுபோனது. மாமா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவள் மேலே கேட்கத் துணியவில்லை. நாளைக்கு அந்தத் திரையில் துஷ்யந்தன் எழுந்து நிற்கும்போது இந்த நெஞ்சு தாங்குமா என்பது அவளுக்குத் தெரியவில்லை. அது அம்மனுக்குத்தான் தெரியும்.

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. மலை முகட்டில் மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. வேலிக்கு அப்பால் பாலாமணி இல்லை. அந்திப் பூசைக்குப் பிள்ளையார் கோயில் பக்கம் போயிருப்பாள். அவளுடைய நீலப் பீப்பா வாயைத் திறந்துகொண்டு காலியாக நின்றது. உள்ளே காய்ந்த இலைகள்.

வால்வு துருப்பிடித்து இறுகியிருந்தது. பிரதீபா சமையலறைக்குப் போய் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினாள். முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றித் திருகினாள். உள்ளங்கையில் தோல் உரிந்தது. கிரீச் என்று ஒரு சுற்று. பிறகு இன்னொன்று.

கறுப்புக் குழாய் பாம்பு போல ஒருமுறை உதறியது. காற்று சீறியது. சேறு துப்பியது. பிறகு வேலிக்கு அப்பால், காலிப் பீப்பாவின் அடியில், காய்ந்த இலைகளின் மேல், தண்ணீர் விழத் தொடங்கியது.

பீப்பாவில் ஒரு சாண் ஏறும்வரை அவள் வேலியோரம் நின்றாள். வீட்டுக்குள்ளே தேரின் மேளம் கேட்டது. வரிசை வீட்டில் எந்தக் கதவும் திறக்கவில்லை.

உள்ளே திரும்பப் போனவள், பாதியில் நின்று திரும்பி வந்தாள். வால்வின் கைப்பிடியைக் கழற்றி எடுத்தாள். அது எந்த நாளிலும் தன் கைக்கே திரும்பக் கிடைக்காதபடி, கீழே பள்ளத்தில் அடர்ந்து கிடந்த தேயிலைக்குள், எட்டின மட்டும் வீசி எறிந்தாள்.